இருநூறு கட்டத்திலிருந்து இருபத்தாறு இலட்சம் கட்டம் வரை

"மாமா, இந்தப் போன் சரியில்லை. கேம் இழுக்குது."

சித்திரை விடுமுறைக்கு வந்த அக்காவின் மகன், கடை மேசையில் போனை வைத்துவிட்டுச் சொன்ன முதல் வசனம் இதுதான். எடுத்துப் பார்த்தேன். மத்தியான வெயிலில் விட்ட லான்ட்மாஸ்டரின் இருக்கை மாதிரிச் சுட்டது.

"எப்ப தொடங்கி இழுக்குது?"

"தொடங்கேக்க நல்லாத்தான் ஓடுது மாமா. ஒரு இருபது நிமிசம் போனாப் பிறகு, சனம் கூடுற இடத்தில நிண்டு நிண்டு வருது."

கிளிநொச்சியில் போனும் கணினியும் திருத்தும் கடை வைத்திருப்பவனுக்கு இதைவிட நல்ல நோயாளி கிடைக்க மாட்டான். என்ன பிழை என்று கேட்டால் பாதிப்பேர் "வேலை செய்யேல்லை" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். இவன் நேரத்தையும் சொன்னான், இடத்தையும் சொன்னான். அன்று அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஒரு கேமின் படம் எப்படி உருவாகிறது, ஐம்பது வருடத்தில் அது எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது, இவ்வளவு வந்தும் ஏன் இன்னும் இழுக்கிறது என்பதுதான் விஷயம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

நான் முதன்முதலாகக் கையில் பிடித்த கேம், 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு சித்தப்பா வவுனியாவில் இருந்து வாங்கி வந்த 'பிறிக் கேம்'. மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளி விடாமல் அடுக்க வேண்டும். மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984இல் உருவாக்கிய டெட்ரிஸின் மலிவுப் பிரதி அது. அதற்கு முந்திய வருடங்களில் வன்னிக்குள் பற்றறி கொண்டுவரத் தடை இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட வீடுகளில், விளையாட்டுச் சாமானுக்குப் போடப் பற்றறிக்கு எங்கே போவது? அதனால் அந்தச் சாமான் வந்த அன்று எங்கள் ஒழுங்கையே முற்றத்தில் கூடிவிட்டது.

அதன் திரையில் அகலத்துக்கு 10 கட்டம், உயரத்துக்கு 20 கட்டம். மொத்தம் 200. கட்டங்கள் எல்லாம் கண்ணாடிக்குள் ஏற்கெனவே பதித்தபடி இருக்கும். ஒவ்வொன்றும் ஒன்றில் கறுப்பு, இல்லாவிட்டால் வெறுமை. எதைக் கறுப்பாக்குவது என்று தீர்மானிப்பது மட்டும்தான் உள்ளே இருக்கும் சிப்பின் வேலை. ஒரு சோடிப் பற்றறி வாரக்கணக்கில் நின்றதற்குக் காரணம் அதுதான்.

ஓலைப்பாய் இழைப்பவர்கள் சாயம் போட்ட ஓலையை இடையிடையே விட்டு, பூவும் மயிலும் பெயரும் கொண்டுவருவார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் மயில் இராது, நிறம் மாறிய சதுரங்கள்தான் இருக்கும். எட்ட நின்றால் மயில். கணினித் திரையும் ஓலைப்பாய்தான். அந்தச் சதுரம் ஒன்றுக்குப் பெயர் பிக்சல்.

இப்போது பெருக்கலைத் தொடங்கலாம். பாம்பு விளையாட்டால் பேர் பெற்ற நோக்கியா 3310 போனில் 84க்கு 48, அதாவது 4,032 சதுரங்கள். 1993இல் வந்த டூம் என்ற கணினி கேம் 320க்கு 200 என்ற அளவில் ஓடியது. அது 64,000. மருமகனின் போனில் 1080க்கு 2400. பெருக்கிப் பாருங்கள்: 2,592,000. இருபத்தாறு இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிறிக் கேமில் கறுப்பு, வெறுமை என்று இரண்டே தெரிவுகள். இங்கே ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு கோடிக்கு மேற்பட்ட நிறங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. படம் அசைய வேண்டும். பள்ளிக்கூடக் கொப்பியின் மூலையில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு பந்தைக் கொஞ்சம் நகர்த்தி நகர்த்தி வரைந்து, விரலால் படபடவென்று விட்டுப் பார்த்திருப்பீர்கள். கேமும் அதே வித்தைதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஃபிரேம் என்று பெயர். சினிமாவில் ஒரு செக்கனுக்கு 24 ஃபிரேம். கேமில் 30, நல்ல போன் என்றால் 60, அதற்கு மேலும் உண்டு. 60 என்று வைத்தால் மருமகனின் போன் ஒவ்வொரு செக்கனும் 15 கோடியே 55 இலட்சம் சதுரங்களுக்கு நிறம் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெக்கன். அந்த நேரத்துக்குள் வரைந்து முடியாவிட்டால் பழைய பக்கமே இன்னொரு தடவை திரையில் நிற்கும். "நிண்டு நிண்டு வருது" என்றானே, அது இது.

இன்னோர் இழுவையும் இருக்கிறது, அதை இதோடு குழப்பக் கூடாது. ஆள் ஓடுவது வழுவழுப்பாகத் தெரியும், ஆனால் சுட்டால் குண்டு பிந்திப் படும், செத்துவிட்டான் என்று நினைத்தவன் எழும்பி ஓடுவான். அது சிக்னல் கோளாறு. உங்கள் போனுக்கும் கடல் கடந்து எங்கோ இருக்கும் சேர்வருக்கும் இடையில் செய்தி போய் வரப் பிடிக்கும் நேரம். ஒரு கோபுரத்தை நம்பி நாலு கிராமம் இருக்கும் எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். போனை மாற்றினாலும் மாறாது. இதை விளங்காமல் புதுப் போன் வாங்கியவர்களைக் கடையில் கண்டிருக்கிறேன்.

இல்லாமையில் பிறந்த வித்தைகள்

1977இல் வந்த அடாரி 2600 என்ற ரீவி கேம் பெட்டியின் நினைவகம் 128 பைட். கிலோபைட் இல்லை, பைட்தான். தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறிக்கும் இன்றைய போன்கள் 3 பைட் எடுக்கின்றன. எனவே 128 பைட்டுக்குள் நாற்பது சொச்சம் குறிகள்தான் அடங்கும். மருமகன் தாய்க்கு அனுப்பும் "சாப்பாடு வேண்டாம், கடையில சாப்பிட்டன், பிந்தித்தான் வருவன்" என்ற செய்திக்கே அந்தப் பெட்டியில் இடம் காணாது. முழுத் திரையின் படத்தை அதில் வைப்பது நினைத்தே பார்க்க முடியாத காரியம்.

அப்படியென்றால் எப்படி வரைந்தார்கள்? அந்தக் காலத்துப் பெட்டி ரீவியில் ஒளிக்கற்றை ஒன்று இடமிருந்து வலமாக, கோடு கோடாக, மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கும். அடாரி புரோகிராமர்கள் அந்தக் கற்றையைத் துரத்தினார்கள். கற்றை ஒரு கோட்டில் ஓடும்போதே அந்தக் கோட்டுக்கு வேண்டியதை மட்டும் சிப்புக்குச் சொல்லுவார்கள். அடுத்த கோடு வந்ததும் அடுத்ததை. ஒரு கோட்டுக்கு சிபியூவுக்கு, அதாவது கட்டளைகளை நிறைவேற்றும் முதன்மைச் சிப்புக்கு, கிடைத்தது அதன் உள்கடிகாரத்தின் 76 துடிப்பு. ஒரு கட்டளைக்கே இரண்டு மூன்று துடிப்புப் போய்விடும். பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே கறி சமைத்துச் சமைத்து இலையில் போடுவது போன்ற வேலை. இதைச் செய்தவர்களுக்கு நான் எழுந்து நின்று கும்பிடுவேன்.

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் தொமோஹிரோ நிஷிகாதோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் இன்னொரு வேடிக்கை. வரிசை வரிசையாக இறங்கி வரும் வேற்றுக்கிரகவாசிகளைச் சுட வேண்டும். சுடச் சுட மிச்சம் இருப்பவர்கள் வேகமாக ஓடத் தொடங்குவார்கள். ஆரம்பத்தில் அப்படித் திட்டமிடவில்லை. எல்லோரையும் வரைய சிப்புக்கு நேரம் போதவில்லை, அதனால் மெதுவாக ஓடியது. ஆட்கள் குறையக் குறைய வேலை குறைந்து வேகம் கூடியது. அது விளையாட்டுக்கு விறுவிறுப்பைத் தருகிறது என்று கண்டு நிஷிகாதோ அப்படியே விட்டுவிட்டார். மருமகனின் "சனம் கூடுற இடத்தில" என்ற முறைப்பாடு 1978இலேயே இருந்திருக்கிறது. அன்று அதற்கு விசில் அடித்தார்கள், இன்று போனைத் திருத்தக் கொண்டுவருகிறார்கள்.

1983இல் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபாமிகாம் வந்தது. எங்கள் பக்கம் பிறகு வந்த மலிவு ரீவி கேம்கள் பலவும் அதன் பிரதிகள்தான். ஒரே கோட்டில் 8 சின்ன உருவங்களுக்கு மேல் அதனால் காட்ட முடியாது. ஒன்பதாவது வந்தால் ஒன்று மறையும். அதனால் யாரை மறைப்பது என்று மாற்றி மாற்றி விட்டார்கள், உருவங்கள் மினுங்கின. நாங்கள் அதை ஜெனரேற்றர் கரண்டின் கோளாறு என்று நினைத்து ஜெனரேற்றர்காரருடன் சண்டை பிடித்தோம். இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது.

1985இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிது. அந்த இடத்துக்குள் அடக்க என்ன செய்தார்கள் என்றால், வானத்தில் இருக்கும் முகிலும் தரையில் இருக்கும் பற்றையும் ஒரே படம். முகிலுக்கு வெள்ளை, பற்றைக்குப் பச்சை. இதை ஒரு தடவை கேள்விப்பட்ட பிறகு அந்தக் கேமை முன்னைப் போலப் பார்க்க முடியாது.

மூன்று கல் அடுப்பு

தட்டைப் படம் ஒரு கட்டத்துக்கு மேல் சலித்துவிட்டது. வீட்டுக்குள் நுழைய வேண்டும், திரும்பிப் பார்க்க வேண்டும், பின்னால் வருபவனைக் காண வேண்டும். முப்பரிமாணம்.

கணினி ஒரு மனிதனையோ மாட்டையோ வளைவுகளோடு நினைவில் வைப்பதில்லை. எல்லாமே முக்கோணங்கள். ஏன் சதுரம் இல்லை? மூன்று கல் வைத்த அடுப்பு எந்த மேடு பள்ளத்திலும் ஆடாது. நாலு கால் வாங்கு ஆடும். மூன்று புள்ளிகளை எங்கே வைத்தாலும் அவற்றுக்கிடையில் ஒரு தட்டையான தளம் கட்டாயம் கிடைக்கும். நாலாவது புள்ளி வந்தால் அந்த நிச்சயம் இல்லை. எனவே கேமில் காணும் முகம், மரம், வண்டி எல்லாம் முக்கோண ஒட்டுகளால் தைத்த சட்டைகள். ஒட்டுகள் சிறிதாகவும் கூடுதலாகவும் இருந்தால் வளைவு வழுவழுப்பாகத் தெரியும்.

அடுத்தது தூரம். ஏ9 வீதி நேராக ஓடும் இடத்தில் நின்று பாருங்கள், இரண்டு கரைகளும் தூரத்தில் ஒன்றோடொன்று முட்டுவது போல் தெரியும். பத்து மீற்றரில் நிற்கும் மின்கம்பத்தோடு ஒப்பிட்டால் இருபது மீற்றரில் நிற்பது பாதி உயரம். கணினி செய்வதும் இதையேதான்: ஒவ்வொரு புள்ளியையும் அதன் தூரத்தால் வகுக்கிறது. முப்பரிமாணக் கேமின் அடிவேர் இந்த ஒரு வகுத்தல். ஆனால் வகுத்தல், கூட்டலைப் போல் இலகுவான கணக்கு இல்லை. பழைய சிப்புகளுக்கு அது பெரிய பாரம்.

அதனால் மறுபடியும் வித்தைகள். டூமில் தலையை நிமிர்த்தி மேலே பார்க்க முடியாது, ஒரு அறைக்கு மேல் இன்னோர் அறை கட்டவும் முடியாது. அதன் உலகம் உண்மையில் ஒரு தட்டையான வரைபடம். சுவர்கள் எல்லாம் நேர் செங்குத்து. ஒரு செங்குத்துக் கோடு முழுவதும் ஒரே தூரத்தில் இருப்பதால் கோட்டுக்கு ஒரு வகுத்தல் போதும். முப்பரிமாணப் படம் வரைவதற்கென்று கணினிக்குள் செருகும் தனி கிராபிக்ஸ் கார்ட் ஏதும் இல்லாமல், சாதாரணக் கணினியின் சிபியூ மட்டுமே இதை ஓட்டியது.

1994இல் வந்த சோனியின் முதல் பிளேஸ்டேஷன் கேம் பெட்டி முக்கோணங்களை மளமளவென்று வரையும். ஆனால் அவற்றின் மேல் சுவர், தரை போன்ற தோற்றங்களை ஒட்டும்போது சதுரத்துக்குச் சதுரம் செய்ய வேண்டிய வகுத்தலை விட்டுவிடும். அந்தக் கேம்களில் தரையும் சுவரும் நடக்க நடக்க நெளிவது அதனால்தான். 1999இன் சைலண்ட் ஹில் அந்தப் பெட்டிக்கு வந்த பேய்க்கதைக் கேம். ஊர் முழுவதும் அடர்ந்த பனிப்புகார். தூரத்துத் தெருக்களை வரையப் பெட்டிக்குச் சக்தி இல்லை, அதை மூடத்தான் புகார். பயம் பிறகு தானாக வந்து ஏறிக்கொண்டது. மார்கழியில் குளக்கட்டில் விடிய நடந்து போனவர்களுக்கு அந்தப் பயம் தெரியும்.

1996இல் த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்ட் வந்தது. 4 மெகாபைட் நினைவகம். சாதாரணப் படம் காட்டக்கூட அதற்குத் தெரியாது, அதற்கு வேறொரு கார்டும் கணினியில் இருக்க வேண்டும். வூடூவுக்குத் தெரிந்தது முக்கோணத்தை நிரப்புவது ஒன்றுதான், விட்டுவிட்ட அந்த வகுத்தலோடு சேர்த்து, மிக வேகமாக. நெளிவு போனது. சதுரம் சதுரமாகத் தெரிந்த சுவர்கள் மெழுகியது போல் ஆகின.

அருவி வெட்டும் இருநூறு பேரும்

இங்கேதான் சிபியூவுக்கும், படம் வரைவதற்கென்றே செய்த சிப்பான ஜிபியூவுக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. நல்ல கமக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது விதைப்பது, எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும், வங்கிக் கடனை எப்படிக் கட்டுவது, பக்கத்து வயலில் கபிலத்தத்திப் பூச்சி வந்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் யோசித்து முடிவு எடுப்பார். அவர் சிபியூ. ஆனால் பத்து ஏக்கர் விளைந்து நிற்கும்போது அவர் ஒருவரே அரிவாளோடு இறங்கினால் மழை வந்துவிடும். வெட்டு மெசின் வராத காலத்தில் என்ன செய்தோம்? அருவி வெட்ட, அதாவது நெல் அறுக்க, ஆட்களைச் சேர்த்தோம். இருநூறு பேர் இறங்கினால் யாருக்கும் பெரிய யோசனை தேவையில்லை. எல்லோருக்கும் ஒரே அசைவு: பிடி, வெட்டு, வை. அவர்கள்தான் ஜிபியூ.

ஒரு சதுரத்துக்கு நிறம் கண்டுபிடிக்கப் பக்கத்துச் சதுரத்தின் விடைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அதனால் இந்த வேலையை எத்தனை பேருக்கும் பிரித்துக் கொடுக்கலாம். எல்லா வேலையும் இப்படிப் பிரியாது. பத்துப் பேர் சேர்ந்தாலும் ஒரு கன்றுக்குட்டி ஒரு மாதத்தில் பிறக்காது.

கிராபிக்ஸ் சிப்பு செய்யும் என்விடியா நிறுவனம் 1999இல் ஜிஃபோர்ஸ் 256 கார்டை உலகின் முதல் ஜிபியூ என்று விளம்பரப்படுத்தியது. (அந்தப் பெயரை சோனி 1994இலேயே பிளேஸ்டேஷனின் சிப்புக்கு வைத்திருந்தது, அது வேறு கதை.) அதுவரை முக்கோணத்தின் மூலைகளைக் கணக்கிடும் வேலை பெரும்பாலும் சிபியூவிடம் இருந்தது. இந்த கார்ட் அதையும் தன் தலையில் எடுத்துக்கொண்டது. 2001இன் ஜிஃபோர்ஸ் 3, வேலையாட்களுக்குப் புரோகிராமரே கட்டளை எழுதிக் கொடுக்கும் வழியைத் திறந்தது. அந்தக் கட்டளைக்கு ஷேடர் என்று பெயர். தண்ணீர் தண்ணீர் மாதிரி மினுங்கத் தொடங்கியதும், தோல் பிளாஸ்டிக் மாதிரித் தெரிவது குறைந்ததும் அதற்குப் பிறகுதான்.

ஆரம்பத்தில் மூலை பார்ப்பவர்கள் வேறு, நிறம் பூசுபவர்கள் வேறு. ஒரு பக்கம் வேலை நெரிய, மறுபக்கம் கைகட்டி நிற்பார்கள். எக்ஸ்பொக்ஸ் 360 என்ற கேம் பெட்டிக்கு ஏடிஐ நிறுவனம் செய்த சிப்பு 2005இல் இந்தப் பிரிவினையை ஒழித்தது. 2006இல் என்விடியாவின் 8800 ஜிடிஎக்ஸ் கணினிக்கும் அதைக் கொண்டுவந்தது. அதில் 128 வேலையாட்கள். 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090இல் 16,384. பதினாறு வருடத்தில் சரியாக 128 மடங்கு.

சிபியூவின் கதை வேறு மாதிரிப் போனது. ஒற்றை ஆளை மேலும் மேலும் வேகமாக ஓட வைக்கும் பாதை 2004 அளவில் சூட்டில் முட்டுப்பட்டது. 4 கிகாஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 400 கோடி துடிப்பு, வேகத்தில் பென்டியம் 4 சிபியூவை வெளியிடும் திட்டத்தை இன்டெல் அந்த வருடம் கைவிட்டது. அதற்குப் பிறகு எல்லோரும் போனது ஆட்களைக் கூட்டும் வழியில்தான்.

ஆட்களைக் கூட்டினாலும் ஒரு சிக்கல் உண்டு. என்விடியாவின் சிப்புகளில் 32 பேர் ஒரு வரிசை, வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே அசைவு. நடுவில் இருவருக்கு மட்டும் வேறு வேலை வந்தால் மற்ற முப்பது பேரும் அரிவாளோடு நிற்க வேண்டும். நல்ல கேம் புரோகிராமர் என்பவர் வரிசையை நிறுத்தி வைக்காத மேற்பார்வைக்காரர்.

குளம் பெரிது, வாய்க்கால்?

கடைக்கு வருபவர்களின் முதல் கேள்வி, "எத்தனை ஜிபி?" போனானாலும் கார்டானாலும் இதே கேள்வி. பிழையில்லை, ஆனால் பாதிக் கேள்வி. வடக்கிலேயே பெரிய குளம் எங்கள் இரணைமடு. குளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும், உங்கள் வயலுக்கு வரும் வாய்க்கால் ஒடுக்கம் என்றால் பயிர் வாடும். ஜிபி என்பது குளம். நினைவகத்துக்கும் ஜிபியூவுக்கும் இடையில் ஒரு செக்கனுக்கு எவ்வளவு தரவு ஓடுகிறது என்பது வாய்க்கால்.

முன்பு சொன்ன இரண்டு கார்டுகளையே பாருங்கள். 8800 ஜிடிஎக்ஸின் வாய்க்கால் செக்கனுக்கு 86.4 ஜிபி. 4090க்கு 1,008 ஜிபி. ஏறக்குறைய 12 மடங்கு. ஆட்களோ 128 மடங்கு கூடியிருக்கிறார்கள். வயலில் வேலையாட்கள் பெருகிய அளவுக்கு வாய்க்கால் அகலவில்லை. ஐம்பது வருடமும் இந்தத் துறையில் நடந்தது இதுதான் என்பது என் எண்ணம்: ஓரிடத்து ஒடுக்கத்தை உடைத்தால் அடுத்த ஒடுக்கம் தெரியவரும். அடாரிக்கு நினைவகம். பிளேஸ்டேஷனுக்கு வகுத்தல். இன்றைய கார்டுக்கு வாய்க்கால். அதைச் சமாளிக்க 4090இன் சிப்புக்குள்ளேயே 72 எம்பி அளவில் ஒரு சின்ன நினைவகத்தை வைத்தார்கள். வயலோரத்தில் ஒரு கேணி வெட்டியது போல. அடிக்கடி தேவைப்படும் தண்ணீருக்குக் குளம் வரை போகத் தேவையில்லை.

வாய்க்காலைப் பார்க்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு என்விடியாவின் ஜிடி 1030 கார்ட் நல்ல உதாரணம். ஒரே பெயரில் இரண்டு வகை விற்பனைக்கு வந்தன. இரண்டிலும் 2 ஜிபி. ஒன்றின் வாய்க்கால் செக்கனுக்கு 48 ஜிபி, மற்றதன் வாய்க்கால் 16.8 ஜிபி. பெட்டியில் எழுதியிருக்கும் சின்ன எழுத்தைப் படிக்காதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வாய்க்கால்தான் கிடைக்கும்.

போனில் இந்த வாய்க்கால் இன்னும் ஒடுக்கம். அதோடு தரவு ஓடும் ஒவ்வொரு தடவையும் பற்றறி கரைகிறது. அதனால் போன் ஜிபியூக்கள் பெரும்பாலும் திரையை வரம்பு கட்டிச் சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரிக்கின்றன. ஒரு பாத்திக்கு வேண்டியதை மட்டும் சிப்புக்குள் எடுத்து, அங்கேயே முழுவதும் வரைந்து முடித்து, ஒரே தடவையில் வெளியே எழுதிவிட்டு அடுத்த பாத்திக்குப் போகின்றன. தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் கமம் செய்யத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சரி, மருமகனின் இருபது நிமிடத்துக்கு வருவோம்.

சிப்பில் ஓடும் கரண்ட் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். 4090 முழு வேலையில் 450 வாட் எடுக்கும். கூரையில் சுற்றும் காற்றாடி ஆறுக்கு ஒரேயடியாகக் கொடுக்கும் கரண்ட். அதை ஆற வைக்க மூன்று விசிறியும் ஒரு பெரிய உலோகப் பாளமும் அந்தக் கார்டில் உண்டு. போனில் விசிறி இல்லை. கையும் காற்றும்தான். அதன் உடம்பு வெளியே தள்ளக்கூடிய சூடு சில வாட் மட்டுமே. கேமைத் தொடங்கும்போது சிப்பு குளிர்ந்திருக்கும், முழு வேகத்தில் ஓடும். சூடு உள்ளே தேங்கத் தேங்க, எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிர் நாட்டில் ஒருவர் அதே போனை அரை மணிநேரம் விளையாடி, நன்றாக ஓடுகிறது என்று யூடியூப்பில் சொல்லுவார். அவர் சொல்வது பொய் இல்லை. அவர் கிளிநொச்சிச் சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே இருந்து விளையாடவில்லை, அவ்வளவுதான்.

மருமகன் அதை ஒரு தடித்த றப்பர் உறைக்குள் போட்டு, சார்ஜில் வேறு வைத்து விளையாடியிருக்கிறான். பற்றறி ஏறும்போதும் சூடாகும். எனவே இரண்டு அடுப்பு எரிகிறது, மேலே கம்பளி.

இந்த வருடங்களில் அதிகம் பேசப்படும் ரே ட்ரேசிங் பற்றி அவன் கேட்டான். சூரிய ஒளி இரணைமடுத் தண்ணீரில் பட்டு, அங்கிருந்து மருத மரத்து இலையின் அடிப்பக்கத்தில் அலையலையாக விழுவதைக் கண்டிருப்பீர்கள். சாதாரண முறையில் அதை முன்கூட்டியே வரைந்து ஒட்டி ஏமாற்றுவார்கள். ரே ட்ரேசிங்கில் ஒவ்வொரு ஒளிக்கதிரும் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று உண்மையாகவே கணக்குப் போடுவார்கள். கணினி ஆராய்ச்சியாளர் டர்னர் விட்டட் இதற்கு வழி எழுதியது 1980இல். விளையாடும் வேகத்தில் அதைச் செய்யத் தனி உறுப்புகளோடு ஆர்டிஎக்ஸ் கார்டுகள் வந்தது 2018இல். அவையும் தனியே தாக்குப்பிடிப்பதில்லை. அதனால் படத்தைச் சிறிதாக வரைந்து, இடையில் உள்ள சதுரங்களைப் பயிற்றப்பட்ட ஒரு கணக்கு முறையால் ஊகித்து நிரப்புகிறார்கள். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் அதுதான். 4கே திரைக்கு நான்கில் ஒரு பங்கு சதுரங்களை மட்டும் வரைந்தால்கூடப் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். இதே நோக்கத்துக்கு, என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டி 2021இல் கொண்டுவந்த எஃப்எஸ்ஆர் பழைய கார்டுகளிலும் ஓடும். கைக்காசு பார்த்துச் செலவழிக்கும் எங்களுக்கு அது பெரிய உதவி. 2022இல் 200 ரூபா அளவில் நின்ற டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியபோது, புதுக் கார்ட் பற்றிய பேச்சே கடையில் நின்றுபோனது. அந்த வருடம் பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்டும் இல்லை. பழைய கார்டுகளைத் தூசி தட்டித்தான் ஓட்டினோம்.

இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் இல்லாத ஃபிரேம் ஒன்றை உருவாக்கி எண்ணிக்கையைக் கூட்டும் முறையும் இப்போது உண்டு. கண்ணுக்கு வழுவழுப்பு. ஆனால் விரலால் அமர்த்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையில் உள்ள நேரம் அதனால் குறையாது. விளம்பரத்தில் இலக்கம் இரட்டிப்பாகத் தெரியும். எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை.

கதை முடிந்ததும் போனின் உறையைக் கழற்றினேன். சார்ஜரைப் பிடுங்கினேன். கேமின் செற்றிங்ஸுக்குள் போய் கிராபிக்ஸைக் குறைந்த தரமான 'ஸ்மூத்'தில் விட்டு, நிழலை நிறுத்தி, மேசைக் காற்றாடிக்கு முன்னால் அவனை இருத்தினேன். நாற்பது நிமிடம் சத்தமே இல்லை. நான் ஒரு திரை மாற்றி முடித்துவிட்டேன்.

"எப்பிடியடா?"

"இப்ப இழுக்கேல்லை மாமா. ஆனா தூரத்துப் புல்லுகளைக் காணேல்லை."

"புல்லுக்குள்ள ஒளிச்சு நிக்கிறவன்?"

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். பிறகு சிரித்தான்.

"வடிவாத் தெரியுறான்."